டைபாய்டு ரேபிட் கிட்டை எடைபோடுவது எப்படி?

ஒரு துளி ரத்தம், அதன் மேல் இரண்டு மூன்று சொட்டு பஃபர் (கிட்டோடு வரும் கரைசல்), 15 நிமிடக் காத்திருப்பு. பட்டையில் இரண்டு கோடு வந்தால் டைபாய்டு, ஒன்றே ஒன்று என்றால் இல்லை. டைபாய்டு ரேபிட் கிட்டை எல்லோரும் விரும்புவதற்கு இந்த எளிமைதான் காரணம். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் உணர்திறன் இத்தனை சதவீதம், தனித்தன்மை இத்தனை சதவீதம் என்று இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் இரண்டுமே 90-ஐத் தாண்டியிருக்கும். அந்த எண்களை எப்படிக் கணக்கிடுகிறார்கள், எந்த இடத்தில் அவை நம்மைத் தவறாக வழிநடத்தும், ஒரு கிட்டை நாமே சோதித்துப் பார்க்க வேண்டுமானால் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

டைபாய்டு கிட்டை மதிப்பிடுவதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கிட்டை எந்தச் சோதனையுடன் ஒப்பிடுகிறோமோ, அந்தச் சோதனையே பத்து நோயாளிகளில் ஏறக்குறைய நான்கு பேரைத் தவறவிடுகிறது. ஓட்டைப் படியை வைத்துக்கொண்டு இன்னொரு படி சரியாக இருக்கிறதா என்று அளக்கும் வேலை இது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதில் புரியும்.

கிட் எதைப் பார்க்கிறது?

டைபாய்டை உண்டாக்குவது சால்மோனெல்லா டைஃபி என்ற பாக்டீரியா. ஆனால் நாம் பயன்படுத்தும் கிட்டுகளில் பெரும்பாலானவை அந்தக் கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் ஆன்டிபாடியைத்தான் தேடுகின்றன. நேரடியாகக் கிருமியையே தேடினால் என்ன என்று கேட்கத் தோன்றும். டைபாய்டு நோயாளியின் ஒரு மி.லி. ரத்தத்தில் உயிருள்ள கிருமி ஒன்று இருந்தால் அதிகம். பலருக்கு அதுவும் இருக்காது. பட்டையில் கோடு விழவோ பல ஆயிரம், பெரும்பாலும் லட்சக்கணக்கான கிருமிகளின் புரதம் வேண்டும். அதனால் உடலே பெருக்கித் தரும் ஆன்டிபாடியை நம்ப வேண்டியிருக்கிறது.

இந்த வழியில் பழையது வைடல் சோதனை. 1896-இல் ஃபெர்னாண்ட் வைடல் விவரித்தது. கிருமியின் ஓ, ஹெச் என்ற இரண்டு ஆன்டிஜன்களுடன் (ஆன்டிபாடி போய் ஒட்டிக்கொள்ளும் கிருமியின் பகுதிகள்) நோயாளியின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சேர்ந்து திரள்கிறதா என்று பார்க்கும். கண்ணாடித் தகட்டில் செய்யும் வேகமான முறையில் 80, 40, 20, 10, 5 மைக்ரோலிட்டர் சீரத்தை வரிசையாக வைத்து ஒவ்வொன்றுடனும் ஒரு சொட்டு ஆன்டிஜன் கலப்பார்கள். அவை முறையே 1:20, 1:40, 1:80, 1:160, 1:320 என்ற டைட்டருக்குச் சமம். டைட்டர் என்பது சீரத்தை எவ்வளவு நீர்த்த பிறகும் திரள்கிறது என்பதன் அளவு. ஒரு நிமிடத்தில் படித்துவிட வேண்டும். தாமதித்தால் துளியின் ஓரம் காய்ந்து, திரளாத சீரமும் திரண்டதுபோலத் தெரியும். வைடலின் பெரிய பலவீனம், டைபாய்டு பரவலாக இருக்கும் இடங்களில் நலமாக இருப்பவர் ரத்தத்திலும் குறிப்பிட்ட அளவு டைட்டர் இருந்துகொண்டே இருக்கும் என்பது. காய்ச்சலின் தொடக்கத்தில் ஒருமுறையும் சில நாள் கழித்து இன்னொரு முறையும் ரத்தம் எடுத்து, டைட்டர் நான்கு மடங்கு ஏறியிருந்தால்தான் அதற்கு உறுதியான பொருள் உண்டு. அதற்குள் நோயாளிக்குச் சிகிச்சையே முடிந்துபோயிருக்கும்.

அடுத்த தலைமுறையில் அதிகம் ஆராயப்பட்டவை மூன்று. டைஃபிடாட், கிருமியின் வெளிச்சவ்வில் இருக்கும் 50 கிலோடால்டன் புரதத்துக்கு எதிரான ஐஜிஎம் (தொற்றின் தொடக்கத்தில் வரும் ஆன்டிபாடி), ஐஜிஜி (பிறகு வந்து நீண்ட நாள் தங்கும் ஆன்டிபாடி) இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். டியூபெக்ஸ், ஓ9 ஆன்டிஜனுக்கு எதிரான ஐஜிஎம்மை நிறமாற்றமாகக் காட்டும். டெஸ்ட்-இட் டைபாய்டு, கிருமியின் மேற்பரப்பில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருளுக்கு எதிரான ஐஜிஎம்மைப் பட்டையில் கோடாகக் காட்டும்.

இவற்றில் டியூபெக்ஸ் செயல்படும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால், ஒரு கிட் எங்கெல்லாம் தடுமாறும் என்பது விளங்கும். கிண்ணத்தில் ஓ9 பூசிய காந்தத் துகள் 45 மைக்ரோலிட்டர், அதனுடன் சீரம் 45 மைக்ரோலிட்டர் விட்டுக் கலக்கி 2 நிமிடம் வைப்பார்கள். பிறகு ஓ9-க்கு எதிரான ஆன்டிபாடி பூசிய நீலத் துகள் 90 மைக்ரோலிட்டர். மூடி 2 நிமிடம் குலுக்கி, காந்தத்தின் மேல் 5 நிமிடம் நிறுத்த வேண்டும். சீரத்தில் நோயாளியின் ஆன்டிபாடி இல்லையென்றால் நீலத் துகள் காந்தத் துகளுடன் ஒட்டிக்கொண்டு அடியில் படியும், மேலே சிவப்பு மிஞ்சும். ஆன்டிபாடி இருந்தால் அது நடுவில் புகுந்து தடுத்துவிடும், நீலம் மிதக்கும். நிறத்தை 0 முதல் 10 வரை உள்ள அட்டையோடு ஒப்பிட்டு 2 வரை நெகட்டிவ், 4-உம் அதற்கு மேலும் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்வார்கள். இடைப்பட்டது தெளிவற்ற முடிவு, திரும்பச் செய்ய வேண்டும். இப்போது ரத்த அணுக்கள் உடைந்து சிவந்துபோன சீரத்தைப் போட்டால் என்ன ஆகும்? சிவப்பு சீரத்தின் நிறமா, சோதனையின் நிறமா என்று பிரிக்க முடியாது. பாசிட்டிவாக வர வேண்டியது நெகட்டிவாகப் பதிவாகும். ஊசியால் வேகமாக இழுத்ததும், ரத்தம் உறையும் முன்பே சென்ட்ரிஃப்யூஜில் சுற்றியதும் கிட்டின் குறையாகக் கணக்கில் ஏறிவிடும்.

இன்னொன்று. டைபாய்டைப் போன்ற பாராடைபாய்டு காய்ச்சலை உண்டாக்கும் பாராடைஃபி ஏ கிருமியில் ஓ9 கிடையாது. ஆகவே டியூபெக்ஸ் போன்றவை பாராடைபாய்டைக் காட்டாது. அதே ஓ9 சால்மோனெல்லா என்டெரிட்டிடிஸ் என்ற வேறொரு கிருமியில் உண்டு, அந்தத் தொற்று இருந்தால் டைபாய்டு என்று காட்டக்கூடும். மதிப்பீட்டைத் தொடங்கும் முன்பே இந்தக் கிட் டைபாய்டுக்கு மட்டுமா, பாராடைபாய்டையும் சேர்த்தா என்று எழுதிவைக்க வேண்டும். பாதி வேலை நடந்த பிறகு தீர்மானித்தால் எண்ணிக்கை நமக்குச் சாதகமான பக்கம் தானாகச் சாயும்.

இரண்டு எண்கள்

உணர்திறன் என்றால், நோய் உண்மையாகவே உள்ளவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குக் கிட் பாசிட்டிவ் காட்டுகிறது என்பது. தனித்தன்மை என்றால், நோய் இல்லாதவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு நெகட்டிவ் காட்டுகிறது என்பது. இரண்டு வரையறையிலும் “உண்மையாகவே” என்ற சொல்தான் கனமானது. யாருக்கு உண்மையில் டைபாய்டு என்று எப்படித் தெரியும்?

வழக்கமான பதில் பிளட் கல்ச்சர். ரத்தத்தை ஊட்ட திரவத்தில் விட்டு 35 முதல் 37 டிகிரி செல்சியஸில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. கிருமி வளர்ந்துவிட்டால் சந்தேகமே இல்லை, அந்தத் தனித்தன்மையை 100% என்றே வைத்துக்கொள்ளலாம். வளராவிட்டால்தான் சிக்கல். எலும்பு மஜ்ஜைக் கல்ச்சர் 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும் இடத்தில் பிளட் கல்ச்சர் பிடிப்பது சுமார் 60%.

ஏன் இவ்வளவு குறைவு? கிருமியின் எண்ணிக்கையும் ரத்தத்தின் அளவும்தான் காரணம். ஒரு மி.லி.க்குச் சராசரியாக 0.3 கிருமி உள்ள நோயாளியை எடுத்துக்கொள்வோம். அவரிடமிருந்து 2 மி.லி. எடுத்தால் அதில் எதிர்பார்க்கும் கிருமி 0.6. குழாயில் ஒன்றுகூட விழாமல் போக 55% வாய்ப்பு. அதே நபரிடம் 10 மி.லி. எடுத்தால் அந்த வாய்ப்பு 5 சதவீதமாகக் குறையும். ஆய்வகத்தின் திறமை இதில் எதுவும் செய்ய முடியாது. வராத கிருமியை யாராலும் வளர்க்க இயலாது. இதற்கு மேல், முன்பே சாப்பிட்ட ஆன்டிபயாடிக் இருக்கும் சிலவற்றையும் கொன்றுவிடும்.

ஓட்டைப் படியின் கணக்கு

இதை எண்களில் பார்த்தால்தான் மனதில் நிற்கும். காய்ச்சலோடு வந்த 1,000 பேர். அவர்களில் 100 பேருக்கு உண்மையில் டைபாய்டு. நம் கிட்டின் உண்மையான உணர்திறன் 80%, தனித்தன்மை 90% என்று கடவுளுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. கையில் இருப்பது 60% பிடிக்கும் பிளட் கல்ச்சர் மட்டுமே.

கல்ச்சர் 60 பேரைப் பாசிட்டிவ் என்கிறது. அந்த 60 பேரில் கிட் 48 பேரைப் பிடிக்கிறது. 48/60, அதாவது 80%. உணர்திறன் சரியாகவே வந்துவிட்டது.

மீதி 940 பேரைக் கல்ச்சர் நெகட்டிவ் என்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் கல்ச்சர் தவறவிட்ட 40 டைபாய்டு நோயாளிகள் ஒளிந்திருக்கிறார்கள். அவர்களில் 32 பேரைக் கிட் சரியாகவே பிடிக்கிறது. நம் அட்டவணையில் அந்த 32-உம் கிட்டின் பிழையாக எழுதப்படும். நோயே இல்லாத 900 பேரில் கிட் தவறாகப் பாசிட்டிவ் காட்டியது 90. ஆக 122 “பிழைகள்”. தனித்தன்மை 818/940, சுமார் 87%. உண்மையான 90-லிருந்து மூன்று புள்ளி இறங்கிவிட்டது.

மூன்று புள்ளிதானே என்று விட்டுவிட முடியாது. அதே 1,000 பேரில் 300 பேருக்கு டைபாய்டு என்று வைத்துக் கணக்கிடுங்கள். கல்ச்சர் 180 பேரைப் பிடிக்கும், 120 பேரைத் தவறவிடும். அந்த 120-இல் கிட் பிடிக்கும் 96 பேரும், நோயற்ற 700 பேரில் தவறாக வரும் 70 பேரும் சேர்ந்து 166. தனித்தன்மை 654/820, சுமார் 80%! கிட் மாறவில்லை, நோய் அதிகமாக இருக்கும் இடத்தில் சோதித்த ஒரே காரணத்தால் அதன் மதிப்பெண் பத்துப் புள்ளி விழுந்தது. வெவ்வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் ஒரே கிட்டுக்கு வெவ்வேறு தனித்தன்மை சொல்வதைப் பார்த்துக் குழம்புபவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

உணர்திறன் 80 என்று சரியாக வந்ததும்கூட ஓர் ஊகத்தின்மேல் நிற்கிறது. கல்ச்சர் பிடித்தவர்களுக்கும் தவறவிட்டவர்களுக்கும் கிட் ஒரே மாதிரி வேலை செய்யும் என்ற ஊகம் அது. கல்ச்சர் முதல் வாரத்தில் நன்றாகப் பிடிக்கும். ஐஜிஎம் முதல் வாரக் கடைசியில்தான் நன்றாகத் தெரியவரும். அதாவது கல்ச்சர் பாசிட்டிவ் ஆன கூட்டம், கிட்டுக்கு இன்னும் நேரம் வராத கூட்டமாக இருக்கக்கூடும். காய்ச்சல் எத்தனையாவது நாளில் ரத்தம் எடுத்தார்கள் என்று பதிவு செய்யாத ஆய்வின் உணர்திறன் எண்ணை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குறைந்தபட்சம் 4 நாள் வரை, 5 முதல் 7, 8-உம் அதற்கு மேலும் என்று மூன்றாகப் பிரித்தாவது காட்ட வேண்டும்.

படியின் ஓட்டையை அடைக்கும் வழிகள்

முதல் வழி, கல்ச்சரையே ஒழுங்காகச் செய்வது. இதில் கஞ்சத்தனம் காட்டிவிட்டுப் பிறகு புள்ளியியலால் சரிசெய்ய முயல்வது வீண். பெரியவர்களிடம் 10 மி.லி., குழந்தைகளிடம் வயதுக்கேற்ப 2 முதல் 4 மி.லி. எடுக்க வேண்டும். முதல் மாத்திரைக்கு முன்பே எடுக்க வேண்டும். தோலை 70% ஆல்கஹால் அல்லது குளோர்ஹெக்சிடின் கொண்டு துடைத்துவிட்டு, காய்ந்த பிறகே குத்த வேண்டும். ஈரத்தோடு குத்தினால் தோலின் கிருமியும் சேர்ந்து வளரும். ரத்தத்துக்கும் திரவத்துக்கும் விகிதம் 1:5 முதல் 1:10 வரை. ரத்தம் கூடிப்போனால் அதில் உள்ள இயற்கை எதிர்ப்புப் பொருட்கள் கிருமியை அடக்கிவிடும். புட்டியை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. எடுப்பதற்கு முன்னும் பின்னும் புட்டியை எடைபோட்டு எவ்வளவு ரத்தம் விழுந்தது என்று எழுதிக்கொள்வது எளிய பழக்கம், ஆனால் பலரும் செய்வதில்லை. ஒரு மி.லி. ரத்தம் ஏறக்குறைய 1.06 கிராம், கணக்கு அவ்வளவுதான். ஐந்து முதல் ஏழு நாள் வைத்துப் பார்த்த பின்னரே நெகட்டிவ் என்று மூட வேண்டும். வளர்ந்ததை, டைபாய்டு கிருமியின் ஓ9, விஐ, ஹெச்-டி ஆன்டிஜன்களை அடையாளம் காணும் ஆன்டிசீரத்தால் உறுதிசெய்ய வேண்டும்.

எலும்பு மஜ்ஜைக் கல்ச்சர் நல்ல படிதான். ஆனால் வலி மிகுந்தது, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளியிடம் மட்டுமே நியாயமாகச் செய்ய முடியும். அவர்கள் நோய் முற்றியவர்கள். வெளிநோயாளியாக இரண்டாம் நாள் காய்ச்சலோடு வருபவருக்கு அந்த ஆய்வின் முடிவு பொருந்தாது.

சிலர் கூட்டு அளவுகோல் வைப்பார்கள்: கல்ச்சர் பாசிட்டிவ், அல்லது மருத்துவரின் உறுதியான கணிப்பு, அல்லது டைட்டர் நான்கு மடங்கு ஏறியது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் டைபாய்டு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆன்டிபாடி கிட்டை மதிப்பிடும்போது, வைடல் என்ற இன்னொரு ஆன்டிபாடி சோதனையை வைத்து நோயாளியைத் தீர்மானித்தால், இருவரும் ஒரே சாட்சியைத்தான் விசாரிக்கிறார்கள். கிட் பொய்யாகப் பளபளக்கும். நோய் இல்லாதவர் பக்கத்துக்குக் கூட்டு அளவுகோல் உண்மையிலேயே உதவும்: மலேரியா, டெங்கு என்று வேறு நோய் உறுதியானவர்களைத் தனியாக எடுத்து, அவர்களில் கிட் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் காட்டுகிறது என்று பார்த்தால், ஒளிந்திருக்கும் டைபாய்டின் தொல்லை பெருமளவு குறையும்.

இன்னொரு வழி மறைநிலை வகுப்பு ஆய்வு. பெயர் மிரட்டும், கருத்து எளிது. எந்தச் சோதனையையும் முழு உண்மை என்று ஏற்காமல், ஒரே நோயாளிகளுக்கு மூன்று சோதனைகள் செய்கிறோம். ஒவ்வொன்றும் பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ் என்பதால் மொத்தம் 8 வகைச் சேர்க்கைகள். மொத்த எண்ணிக்கை தெரியும் என்பதால் அவற்றில் 7 தனித் தகவல்கள். கண்டுபிடிக்க வேண்டியவையும் ஏழு: நோயின் பரவல் ஒன்று, மூன்று சோதனைகளின் உணர்திறன், தனித்தன்மை ஆறு. ஏழு தகவல், ஏழு விடை. கணினி தீர்த்துத் தந்துவிடும். நிபந்தனை, சோதனைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தவறு செய்ய வேண்டும். மூன்றில் இரண்டு ஐஜிஎம் கிட்டாக இருந்தால் அவை சேர்ந்தே தவறும், சேர்ந்தே சரியாகும். கணினி அந்த ஒற்றுமையை “உண்மை” என்று நம்பிக் கல்ச்சரைக் குற்றம் சொல்லும். இந்த முறையில் வந்த எண்ணைப் படிக்கும்போது, தொடர்புள்ள சோதனைகளை எப்படிக் கையாண்டார்கள் என்ற ஒரு வரியை அறிக்கையில் தேடுங்கள்.

யாரைச் சேர்ப்பது, எத்தனை பேரை?

மடிப்புத்தாளில் 90-க்கு மேல் எண்கள் வருவதற்கு மிகச் சாதாரணமான வழி ஒன்று உண்டு. ஒரு பக்கம் கல்ச்சரில் உறுதியான, பத்து நாள் காய்ச்சலில் கிடந்த நோயாளிகளின் சீரம். மறுபக்கம் நலமாக இருக்கும் ரத்த தானம் செய்தவர்களின் சீரம். கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கச் சொன்னால் எந்தக் கிட்டும் பிரிக்கும். கிளினிக்கில் வருபவர்கள் எல்லோரும் சாம்பல் நிறம்: காய்ச்சல் எல்லோருக்கும் இருக்கிறது, காரணம்தான் வேறு. ஆகவே சேர்க்க வேண்டியது, ஒரு வரையறைக்குள் வரும் எல்லோரையும், வந்த வரிசையிலேயே. உதாரணமாக, மூன்று நாளுக்குக் குறையாமல் காய்ச்சல் அல்லது 38 டிகிரிக்கு மேல் வெப்பம். மருத்துவர் “டைபாய்டு மாதிரி இருக்கிறது” என்று பொறுக்கி அனுப்பியவர்களை மட்டும் சேர்த்தால் கூட்டம் கோணலாகிவிடும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களை விலக்க வேண்டாம், பதிவு செய்தால் போதும். நிஜத்தில் கிட் அவர்களையும் சந்திக்கப்போகிறது.

எல்லோருக்கும் இரண்டு சோதனையும் நடக்க வேண்டும். கிட் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மட்டும் கல்ச்சர் செய்தால், கிட் தவறவிட்ட நோயாளிகள் கணக்கிலேயே வரமாட்டார்கள், உணர்திறன் தானாக உயரும்.

எண்ணிக்கை பற்றி ஒரு நடைமுறைக் கணக்கு. உணர்திறன் 80% அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம், அதை இருபக்கமும் 5 புள்ளிக்குள் 95% நம்பகத்தோடு அறிய வேண்டும். 1.96-இன் வர்க்கத்தை 0.8, 0.2 இரண்டாலும் பெருக்கி 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் சுமார் 246. இது கல்ச்சர் பாசிட்டிவ் நோயாளிகளின் எண்ணிக்கை மட்டும். காய்ச்சலோடு வருபவரில் 10% பேருக்குத்தான் கல்ச்சர் பாசிட்டிவ் ஆகும் என்றால் 2,460 பேரைச் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்து மலைத்துத்தான் பலர் இருபது நோயாளிகளோடு நிறுத்திவிடுகிறார்கள். 20-இல் 18 பிடித்தால் 90% என்று எழுதலாம்தான். ஆனால் அதன் நம்பக எல்லை சுமார் 68 முதல் 99 வரை விரியும். அந்த அகலத்துக்குள் நல்ல கிட்டும் இருக்கலாம், மோசமான கிட்டும் இருக்கலாம்.

மேசையில் நடக்கும் தவறுகள்

பட்டைக் கிட்டுகள் ஈரத்துக்கு அஞ்சும். உறையைக் கிழித்த உடனே பயன்படுத்த வேண்டும். காலையிலேயே பத்து உறையைக் கிழித்து வரிசையாக வைத்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தாது, முடிவைக் கெடுக்கும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்திருந்தால் உறையைத் திறக்கும் முன் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும், இல்லையென்றால் பட்டையில் பனித்துளி கட்டும். துளி அளவு மாறினால் எல்லாம் மாறும்: ரத்தம் அதிகமானால் பின்னணி சிவந்து மெல்லிய கோடு மறையும், பஃபர் குறைந்தால் திரவம் பாதியில் நிற்கும். கிட்டோடு வரும் பிளாஸ்டிக் குழலைவிட மைக்ரோபிப்பெட் துல்லியமானது. ஆனால் கிட் போகப்போகும் இடத்தில் பிப்பெட் இல்லை என்றால் மதிப்பீட்டையும் குழலோடுதான் செய்ய வேண்டும்.

பட்டை சரியாக வேலை செய்தது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வராத பட்டை செல்லாது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றில் செய்யலாம், ஆனால் எத்தனை பட்டை அப்படிப் போனது என்று அறிக்கையில் எழுத வேண்டும். தெளிவற்ற முடிவுகளும் அப்படித்தான். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ், ஐஜிஎம் இல்லை என்றால் அது பழைய தொற்றா, இப்போதையதா? டைபாய்டு வந்துபோன பிறகு ஐஜிஜி இரண்டு ஆண்டுக்கு மேலும் தங்கக்கூடும். இவற்றைக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் மீதம் இருப்பவை எல்லாம் தெளிவானவை, எண்கள் அழகாக வந்துவிடும். நீக்காமல் ஒருமுறை பாசிட்டிவாகவும் ஒருமுறை நெகட்டிவாகவும் வைத்து இரண்டு கணக்கையும் காட்டுவதே நேர்மையான வழி.

குறித்த நிமிடத்தில் படிக்க வேண்டும். 15 நிமிடம் என்றால் 15. அரை மணி கழித்துப் பார்த்தால் காய்ந்த பட்டையில் சாம்பல் நிழல் கோடு எழும். படிப்பவருக்குக் கல்ச்சர் முடிவு தெரியக் கூடாது. கல்ச்சர் பார்ப்பவருக்குக் கிட் முடிவு தெரியக் கூடாது. மெல்லிய கோட்டைப் பார்க்கும் கண், விடை முன்பே தெரிந்திருந்தால் விடையைத்தான் பார்க்கும்.

இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து ஒப்பிட வேண்டும். 200 பட்டையில் இருவரும் பாசிட்டிவ் என்றது 50, இருவரும் நெகட்டிவ் என்றது 130, மாறுபட்டது ஆளுக்குப் பத்தாக 20 என்று வையுங்கள். ஒற்றுமை 90%. ஆனால் இருவரும் 30 சதவீதத்தைப் பாசிட்டிவ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 58% தற்செயலாகவே ஒத்துப்போகும். 0.90-லிருந்து 0.58-ஐக் கழித்து 0.42-ஆல் வகுத்தால் 0.76. இதுதான் கப்பா, தற்செயலைக் கழித்த ஒற்றுமையின் அளவு. 0.6-க்குக் கீழே போனால் கிட்டைக் குறைசொல்லும் முன் படிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். பயிற்சிக்குப் பிறகும் ஏறாவிட்டால் கோடு அவ்வளவு மங்கல் என்று பொருள்.

தடுப்பூசி வரலாற்றையும் கேளுங்கள். விஐ தடுப்பூசிகள் விஐ-க்கு மட்டும் ஆன்டிபாடி உண்டாக்கும். ஓ அல்லது ஹெச் பார்க்கும் கிட்டைக் குழப்பாது. வாய்வழி டை21ஏ தடுப்பு மருந்து உயிருள்ள கிருமி, ஓ ஆன்டிபாடியை உண்டாக்கும்.

பாசிட்டிவ் வந்தால் என்ன நம்புவது?

நோயாளி கேட்பது உணர்திறனை அல்ல. “எனக்குப் பாசிட்டிவ் வந்திருக்கிறது, உண்மையில் டைபாய்டுதானா?” என்றுதான் கேட்கிறார். அதற்குப் பதில், கிட்டோடு சேர்ந்து அந்த இடத்தில் நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதையும் பொறுத்தது. நம் 80/90 கிட்டையே எடுத்துக்கொள்வோம். 1,000 காய்ச்சல்காரர்களில் 300 பேருக்கு டைபாய்டு என்றால் பாசிட்டிவ் 310, அதில் உண்மையானது 240, அதாவது 77%. 100 பேருக்கு என்றால் 170-இல் 80, வெறும் 47%. 20 பேருக்கு மட்டும் என்றால் 114-இல் 16. பாசிட்டிவ் வந்த ஏழு பேரில் ஆறு பேர் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிடுவார்கள், அவர்களின் உண்மையான நோய் கவனிக்கப்படாமல் ஓடும். மருந்துக்கு அடங்காத டைபாய்டு கிருமிகள் பரவிக்கொண்டிருக்கும் காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

நெகட்டிவ் பக்கம் நிலைமை மேல். 100 பேருக்கு நோய் உள்ள கூட்டத்தில் நெகட்டிவ் வந்த 830 பேரில் 810 பேருக்கு உண்மையிலேயே இல்லை. ஆனால் விட்டுப்போன 20 பேர் யார் என்று பட்டை சொல்லாது. குடல் ஓட்டையாகும் ஆபத்துள்ள நோயில் நெகட்டிவ் கோட்டை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்புவது சரியாகாது.

அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுக் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வு 37 ஆய்வுகளைச் சேர்த்தது. சராசரியாக டைஃபிடாட்டின் உணர்திறன் 84%, தனித்தன்மை 79%. டியூபெக்ஸ் 78%, 87%. டெஸ்ட்-இட் டைபாய்டும் அதன் முன்மாதிரிகளும் 69%, 90%. இவற்றில் எதுவும் பிளட் கல்ச்சரின் இடத்தைப் பிடிக்கும் அளவுக்குத் துல்லியமாக இல்லை என்பதே அதன் முடிவு. மேலே போட்ட கணக்கு நினைவிருந்தால், இந்தத் தனித்தன்மை எண்களில் ஒரு பகுதி கல்ச்சரின் ஓட்டையால் இறங்கியது என்பதையும் சேர்த்துப் படிப்பீர்கள். உண்மை இதைவிடக் கொஞ்சம் மேலாக இருக்கலாம். ஆனால் 90 சதவீதத்துக்கு மேல் என்று அச்சான மடிப்புத்தாள் எண்களுக்கு அது ஆதாரமாகாது.

புதிய கிட்டின் மடிப்புத்தாள் கையில் கிடைத்தால் சதவீதத்தை விட்டுவிட்டு அதன் கீழே உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். எத்தனை பேர், எந்த வயது, காய்ச்சலின் எந்த நாள், எதோடு ஒப்பிட்டார்கள். “மற்றொரு கம்பெனியின் கிட்டோடு ஒப்பிட்டதில் 97% ஒற்றுமை” என்று இருந்தால் அது உணர்திறனே அல்ல. இரண்டு கிட்டும் சேர்ந்து தவறியிருக்கலாம்.

வாங்க முடிவு செய்த பிறகும் ஒரு வேலை மிச்சம். முடிவு தெரிந்த சீரங்களைச் சிறு குப்பிகளில் பிரித்து மைனஸ் 20 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ வையுங்கள்: வலுவான பாசிட்டிவ் இரண்டு, மங்கலான பாசிட்டிவ் நான்கு, நெகட்டிவ் நான்கு. ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஒவ்வொரு புதிய லாட் (ஒரே தொகுதியாகத் தயாரான கிட்டுகள்) வரும்போதும், ஒவ்வொரு கோடைக்குப் பிறகும் இந்தப் பத்தையும் ஓட்டுங்கள். வலுவானவை எப்போதும் வரும், அவை எதையும் சொல்லாது. மங்கலான நான்கில் இரண்டு காணாமல் போனால் அந்த லாட்டை ஒதுக்கிவையுங்கள். பெட்டி எண்ணையும் சேமித்து வைத்த வெப்பநிலையையும் குறித்து உற்பத்தியாளருக்கு எழுதுங்கள். அந்த லாட்டில் ஏற்கெனவே நெகட்டிவ் என்று அனுப்பியவர்களின் பட்டியலையும் எடுங்கள்.